உள்வீட்டு பென்டிரைவ்

"பிடுங்காதீங்க, பிடுங்காதீங்க! தூங்கற குழந்தையைக் காலைப் பிடிச்சா இழுப்பாங்க?"

கணினியில் செருகிய தன் பென்டிரைவை உருவக் கையை நீட்டிய வாடிக்கையாளர் சூடு பட்டது போலப் பின்வாங்குகிறார். 'செக்போஸ்ட்' என்று பேர் வாங்கியவர் மவுஸை மெல்ல நகர்த்தி, பென்டிரைவுக்கு விடைகொடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, இனிக் கழற்றலாம் என்று திரை அனுமதி தரும்வரை கண்கொட்டாமல் காத்திருக்கிறார். அனுமதி வந்த பிறகும் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் கழற்றுவார். இதே மனிதர் வீட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒயரைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்துவார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த செய்தி.

அச்சுக் கடையில் கணினிக்கு முன்னால் உட்காருவது அவர் வேலை. கடைப்படி ஏறுகிற பென்டிரைவ் ஒவ்வொன்றையும் அவர் நிறுத்திச் சோதிப்பதால் தெருவே வைத்த பெயர் செக்போஸ்ட். அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். ஒருமுறை யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து ஒரு வைரஸ் இறங்கி, கடையின் கோப்புகளையெல்லாம் தின்று ஏப்பம் விட்டுப் போனது. அன்று முதலாளி பேசிய பேச்சுக்கு ரோஷக்காரர் வேறு யாராவது இருந்திருந்தால் வேலையை விட்டிருப்பார். இவர் கணினிக்குள் இன்னொரு கணினியைக் கட்டினார்.

திரையில் ஒரு சன்னலுக்குள் மட்டும் ஓடும் மெய்நிகர் கணினி அது. அவர் வாயில் அதன் பெயர் 'உள்வீடு'. வெளியிலிருந்து வரும் எந்த பென்டிரைவும் அங்கேதான் திறக்கும். வைரஸ் இருந்தால் அங்கேயே ஆடித் தீர்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து நல்ல கோப்புகளை வெளியே கொண்டுவர இன்னொரு பென்டிரைவ் வேண்டுமே? அதற்கும் கடையில் விற்கிற சாமானை அவர் நம்பவில்லை. பென்டிரைவ் போல நடிக்கும் ஒரு கோப்பைச் செய்து உள்வீட்டில் செருகி வைத்திருக்கிறார். அதைக் கையில் பிடிக்க முடியாது, சட்டைப் பையில் போட முடியாது. "யார் கையும் படாத பென்டிரைவ்ங்க இது, சொக்கத் தங்கம்" என்பார். அதற்கும் முறைப்படி விடைகொடுத்துத்தான் கழற்றுவார். இல்லாததைப் பிடுங்கினால் என்ன கெட்டுப்போய்விடும் என்று முதலாளி ஒருநாள் கேட்டுவிட்டார்.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்?"

வேலை முடிந்ததும் உள்வீட்டைக் குளிப்பாட்டுவார். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், உள்வீடு காலையில் கண்விழித்த நிலைக்குத் திரும்பிவிடும். வைரஸ் தொலையும், அந்த மாய பென்டிரைவில் இருப்பதும் கூடவே தொலையும். ஆகவே முதலில் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும், பிறகுதான் குளியல். இதை அவர் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பாடம் எடுத்திருக்கிறார்.

ஒரு நாள் மதியம் அவர் மனைவியே பென்டிரைவோடு வந்து நின்றார். தையல்காரம்மா. குழந்தைகள் உடுப்புக்கான வெட்டு மாதிரிகளை ஒரு வருஷமாகக் கழுத்து வலிக்க வலிக்கக் கணினியில் வரைந்து சேர்த்தவர். பெரிய துணிக்கடை ஒன்று அவற்றைச் சாயங்காலம் பார்க்கச் சம்மதித்திருந்தது. பெரிய தாளில் அசல் அளவுக்கு அச்சடித்துக் கொண்டுபோக வேண்டும். பிடித்துவிட்டால், ஊரார் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும் பிழைப்பு முடிந்து சொந்தமாக உடுப்பு தைத்து விற்கலாம்.

"ஏங்க, நேரா போட்டு அடிச்சுக் குடுங்க. நம்ம வீட்டு பென்டிரைவ்தானே?"

"நம்ம வீடுன்னா வைரஸ் செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே நிக்குமா?"

உள்வீட்டில் திறந்தார். உண்மையிலேயே ஒரு வைரஸ் இருந்தது. செக்போஸ்ட் முகத்தில் எழுந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். மாதிரிகளை மாய பென்டிரைவுக்கு மாற்றினார். மனைவியின் பென்டிரைவை அடியோடு துடைத்து, "இப்ப பாரு, புதுசு மாதிரி!" என்றார். மாய பென்டிரைவுக்கு விடைகொடுத்து, அனுமதி வரும்வரை காத்திருந்து, "இந்தப் பொறுமைதான் சார் முக்கியம்" என்று முதலாளி பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில் உள்வீட்டைக் குளிப்பாட்டிவிட்டார்.

கோப்புகளை வெளியே எடுக்கவில்லை.

திரை கறுத்து வெளுத்தது. மாய பென்டிரைவைத் திறந்தார், காலி. மனைவியின் பென்டிரைவ் அவரே துடைத்தது. வீட்டுக் கணினியைப் போன வாரம்தான் 'சுத்தமா வெச்சுக்கணும்' என்று தன் கையாலேயே மொத்தமாக அழித்திருந்தார். முதலாளி ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்தவராக உள்ளே போய்விட்டார்.

"என்னாச்சு?" என்றார் தையல்காரம்மா.

"பத்திரமாத்தான் கழட்டினேன்..."

ஒரு வருஷம் மனைவி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததை எதிர் நாற்காலியிலிருந்து பார்த்தவர் அவர். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தையல்காரம்மா திரையைப் பார்த்தார், புருஷன் முகத்தைப் பார்த்தார். கத்தவில்லை. கைப்பையிலிருந்து பொத்தான் டப்பாவை எடுத்துத் திறந்து, பொத்தான்களுக்கு நடுவிலிருந்து இன்னொரு பென்டிரைவைப் பொறுக்கி எடுத்தார்.

"அழாதீங்க. உங்ககிட்ட குடுத்தது நகல். வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்றேன்னு நீங்க உக்காந்தப்பவே அசலை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். எதையும் உங்ககிட்ட முதல்ல ஒரு நகலா குடுத்துப் பாத்துட்டுத்தான் அசலைத் தர்றது. இன்னிக்கு நேத்தா? கல்யாணம் ஆன நாள்லேருந்து."

செக்போஸ்ட் அதை இரண்டு கையாலும் வாங்கினார். மவுஸ் தானாக உள்வீட்டுப் பக்கம் போயிற்று. தையல்காரம்மா தொண்டையைச் செருமினார். மவுஸ் திரும்பி வந்தது. உள்வீடு கட்டிய பிறகு முதல்முறையாக ஒரு பென்டிரைவ் நேரே கடைக் கணினியில் திறந்தது.

அகலத் தாளில் ஒரு கை வந்தது, ஒரு கழுத்து வந்தது, ஒரு குட்டிப் பாவாடை முழுசாக வந்தது. தையல்காரம்மா ஒவ்வொன்றையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கடைசித் தாளும் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர், எட்டி, பென்டிரைவைச் சடக்கென்று பிடுங்கிப் பொத்தான் டப்பாவில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

செக்போஸ்ட் எதையும் காணாதவர் போல அண்ணாந்து, ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.