உப்பு பக்கெட்டில் பிரிக்காத கடிதம்

நண்டு வாங்கத்தான் போன ஞாயிறு பழவேற்காடு போனேன். நண்டை மறந்துவிட்டு வந்தேன் என்றால் வீட்டில் யாரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்... நடந்தது அப்படி.

நான் வழக்கமாக நண்டு வாங்குவது கஸ்தூரியிடம். அன்று அவர் தராசைத் தொடவே இல்லை. "நீ பேப்பர்ல எழுதுறவதானே? பழைய பேப்பரை சரி பண்ணத் தெரியுமாம்மா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வாசலில் அவர் கணவர் ஏழுமலை படகு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே, கூரையில் ஒரு பெயின்ட் பக்கெட். அந்தக் குப்பத்தில் எல்லா வீட்டிலும் ஒன்று தொங்கும். ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் அதில்தான். புயல் என்றால் அதைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கஸ்தூரியின் பக்கெட்டில், கார்கில் சண்டையின்போது பட்டாளத்தில் இருந்த ஏழுமலை எல்லையிலிருந்து எழுதிய இன்லேண்டு கடிதங்கள். கெட்டுப்போகக் கூடாதே என்று கஸ்தூரி என்ன செய்திருந்தார் தெரியுமா? கல்லுப்பு போட்டு மூடி வைத்திருந்தார்!

"மீனுக்கே அதான் போடறோம். காயிதத்துக்கு ஆகாதா?"

ஆகாதே. உப்பு ஈரத்தை இழுத்து, அத்தனையும் நமத்த அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக் கிடந்தன.

"இதுல ஒண்ணு நான் பிரிக்கவே இல்லம்மா" என்றார் மெதுவாக.

ஏனாம்? சண்டை நாட்களில் கஸ்தூரி தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். அடுத்த கடிதம் வந்தால்தான் கையிலிருப்பதைப் பிரிப்பார். படிக்க ஒன்று பாக்கி இருக்கும்வரை எழுதியவருக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. கடைசியாக வந்ததற்கு அடுத்தது வரவில்லை. ஆளே வந்துவிட்டார். அப்புறம் கடுதாசி எதற்கு என்று பக்கெட்டில் போட்டுவிட்டார்.

ஆனால் வந்தவர் முகம் கொடுத்தே பேசவில்லையாம். "அங்க இன்னாத்த பார்த்தாரோ... கேக்க பயம். இதுலயாவது எழுதியிருப்பாரா?"

வலை பின்னும் ஊசியை இடுக்கில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தோம். பால்பாயிண்ட் பேனாவைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும் — எழுத்து அழியவில்லை. ஒவ்வொன்றாக நிழலில் பரப்பினோம். கடைசியில் கிடைத்தது, ஒட்டு பிரியாத அந்த இன்லேண்டு. கஸ்தூரி அதைப் பிடுங்கி, தானே பிரித்து, சத்தமாகப் படித்தார்.

குண்டும் இல்லை, சண்டையும் இல்லை. 'லீவு கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பொன்னேரி ஸ்டேஷனுக்கு வா. நீ மட்டும் வா. முதலில் உன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.'

வாசலில் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

"மூணு ரயில் போற வரைக்கும் நின்னேன்" என்றார் ஏழுமலை. "அப்பால தனியா பஸ் ஏறினேன்."

"ஏன்யா, ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இன்னா?"

"படிச்சிட்டுத்தான் வரலைனு நெனச்சேன்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல், ஒரே வீட்டில்! எதையும் பத்திரமாக எடுத்து வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். எடுத்துப் பார்ப்பதில்தான் சோம்பேறிகள்.

கஸ்தூரி முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு வந்தார். எங்கே என்று கேட்டேன். பதில் எனக்கு வரவில்லை, வாசலுக்குப் போனது.

"யோவ், நீ மீஞ்சூர் போயி ரயில் ஏறி வா. நான் பொன்னேரில நிக்கிறேன்."

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு முதலில் கிளம்பியது ஏழுமலைதான்.