அன்டனோவுக்கு ஒரு மடக்குக் கதிரை

மெல்பர்ன் விமான நிலையத்தின் வடக்கு வேலியோரம் கார்கள் வரிசையாக நிற்கின்றன. காப்பி வண்டியைச் சுற்றிக் கூட்டம். சோவியத் காலத்துப் பிரம்மாண்டச் சரக்கு விமானமான அன்டனோவ் 124 இன்று மதியம் இறங்குகிறதாம். பக்கத்திலுள்ள கிரெய்கிபர்னில் நண்பன் வீட்டில் பொழுது போகாமல் நானும் வந்துவிட்டேன்.

பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நகரத்தின் மறுகோடியிலுள்ள நோபல் பார்க்கிலிருந்து வந்திருக்கிறார்.

"இந்த அன்டனோவ் குடும்பத்திலை எல்லாரையும் பாத்திட்டன், தம்பி. மேலையும் கீழையும் ரெட்டைச் செட்டை விரிச்ச 2, பிறகு 12, 24, 32. இந்தப் பெரியவர் மட்டும்தான் மிச்சம்."

"முப்பத்திரெண்டை எங்க பாத்தீங்க?"

"ஊரிலைதான், சண்டை நேரம். குண்டு போட வரேக்கை சத்தத்திலையே ஆர் வாறார் எண்டு சொல்லுவம்."

எல்லோரும் செல்போனில் விமானத்தைத் தேட, இவர் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொள்கிறார். "வாறார்!"

வேலி அதிர்கிறது. நான்கு எஞ்சின்களும் இருபத்து நான்கு சக்கரங்களும் தலைக்கு மேலே நிதானமாகக் கடந்துபோகின்றன. ஒரே கைதட்டல். திரும்பிப் பார்த்தால் கதிரை கவிழ்ந்து கிடக்கிறது. மனிதர் புல்லில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையை மூடியிருக்கிறார்.

பதறிப்போய்த் தூக்கிவிடுகிறேன். எழுந்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கோதாரி! சத்தம் கேட்டதும் உடம்பு தன்ரை பாட்டிலை விழுந்திட்டுது. வாலைக்கூடப் பாக்கேல்லை."

"அண்ணே, வீடியோ எடுத்திருக்கேன். அனுப்பட்டுமா?"

"வேண்டாம், தம்பி. வந்தவர் திரும்பிப் போகத்தானே வேணும்? நாளைக்கும் லீவு போடுறன்." கதிரையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். "இந்த முறை முதலே படுத்திடுவன். மல்லாக்க."