மேசையில் ஈரத்துணி

ஓட்டல் சர்வர் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தட்டை வைத்தார். அப்பா நினைவுக்கு வந்துவிட்டார். அவர் தூத்துக்குடி மாலுமி. நானோ கொடைக்கானல் பஸ்ஸிலேயே வாந்தியெடுக்கும் வாரிசு.

எழுபதுகளில், விடுப்பில் அட்டுவம்பட்டி வீட்டுக்கு வந்தாலும், கப்பலில் போலவே தட்டு நழுவாமலிருக்க மேசையில் ஈரத்துணி விரித்துத்தான் சாப்பிடுவார்.

“இது மலைங்க, ஆடாது,” என்பாள் அம்மா. மிஷன் பள்ளி ஆசிரியை.

“ஆடுனா என்ன செய்வீக டீச்சர்?” என்பார்.

ஒரு டிசம்பரில் கப்பல் கம்பெனி ஆள் மலையேறி வந்தார். கப்பல் மூழ்கிவிட்டதாம். “உடம்பு கெடைக்கலைங்கம்மா.”

“அப்ப நீந்திக்கிட்டு இருப்பாரு. நீங்க காப்பி குடிங்க,” என்றாள் அம்மா.

தாலியை அவள் கழற்றவேயில்லை.

போன மாதம் அம்மா இறந்தாள். அவள் கல்லறையில் கணவர் பெயருக்கு முன்னால், “காலஞ்சென்றன்னு போடணும்ல சார்?” என்று கேட்டார் கல் கொத்துபவர்.

வேண்டாம் என்றேன்.