நான்காம் நாள் காய்ச்சல் விட்டால்

இந்த ஊரில் மூச்சுவிட முடியாதவர்கள்கூட முதலில் மன்னிப்புத்தான் கேட்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை போனில் வந்த மார்கரெட் என்ற அம்மாளுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கியது. அந்த மூச்சிலும், "ஸாரி டு பாதர் யூ, டாக்டர்" என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நாட் டூ பேட்" என்றார். வந்த புதிதில் அதை அப்படியே நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். இப்போது வார்த்தையை விட்டுவிட்டு மூச்சை எண்ணுகிறேன். ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்று சொன்னதும், வேறு யாருக்காவது அவசரமாகத் தேவைப்படுமே என்று அவர் கவலைப்பட்டார். ஃப்ளூ காய்ச்சல் இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது. தெருவில் பாதி வீடுகளில் திரை விலகவில்லை. ஆனால் எங்கும் சத்தமில்லை. இவ்வளவு அமைதியாக ஒரு ஊர் நோயில் விழுவதைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் ஆவூர்க்காரி. இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடற்கரைச் சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். இங்கே வருவதற்கு முன் விராலிமலைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலு வருடம் வேலை பார்த்தேன். அங்கே என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கத்துற டாக்டரம்மா என்றால் தெரியும். மழைக்காலத்தில் வீடு வீடாகப் போய், தண்ணீர் பிடித்து வைத்த ட்ரம்களைத் திறந்து பார்த்து, கொசுப்புழு நெளிந்தால் அங்கேயே கவிழ்த்துவிடுவேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில் அதைச் செய்தால் என்ன வசவு கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நானும் பதிலுக்குத் திட்டுவேன். டெங்கு வந்த பிள்ளையை மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து தூக்கி வரும் அப்பனை, வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் கிழிப்பேன். அந்தத் திட்டும் மருந்தில் ஒரு பங்கு. நின்றிருந்தவர்கள் மறுதடவை முதல் நாளே வந்தார்கள்.

அதே வாயோடு இங்கே வந்து சேர்ந்தேன். முதல் சில மாதங்களில் அறுபது வயதுக்காரர் ஒருவர் இரண்டு நாள் நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் சாவகாசமாக வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இரண்டு நாளாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நேற்றே செத்துப் போயிருந்தால்?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் அது அக்கறை. அவர் பிழைத்து வீட்டுக்குப் போய், என்மேல் இரண்டு பக்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினார். நிர்வாகம் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே என் குரலைப் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினார்கள். தணித்துப் பேசு, மெதுவாகப் பேசு, வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்கு என்றார்கள். நான் கெட்டிக்காரி, ஆறே வாரத்தில் கற்றுக்கொண்டேன். என் குரல் அழகாகிவிட்டது. நோயாளிகள் நன்றி சொல்லி அட்டை அனுப்ப ஆரம்பித்தார்கள்.

பிறகுதான் கொரோனா வந்தது. ஆவூரில் இருக்கும் என் தம்பி சேவியர் ஒருநாள் கூப்பிட்டான். "அக்கா, இங்கிட்டு ஒரே பயமாக் கெடக்கு. யாரு என்ன சொல்றான்னே புரியல. நீ ரெண்டு வார்த்தை பேசி அனுப்பேன், நம்ம குரூப்ல போடுறேன்" என்றான். வேலை முடிந்து காருக்குள் உட்கார்ந்து, புதிதாகக் கற்ற அந்தக் குரலில் மூன்றரை நிமிடம் பேசினேன். பயப்படாதீங்க என்று ஆரம்பித்தேன். காய்ச்சல் வந்த உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க, கூட்டத்துக்குள்ள போகாதீங்க, நல்லாச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க, செய்தியே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, நாலாம் நாள் அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுருச்சுன்னா பெரும்பாலும் கண்டம் தாண்டியாச்சு, மூச்சு வாங்கினா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று சொன்னேன். படுக்கை கிடைக்காத அந்த நாட்களில் அது தவறான பேச்சு இல்லை. நிறையப் பேர் அதைக் கேட்டு அன்றைக்குத் தூங்கியிருக்கிறார்கள். கீரனூர், இலுப்பூர், குடுமியான்மலை என்று சுற்றி, குவைத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் வரை போய்விட்டது. லண்டன் டாக்டரம்மா பேசுறாங்க என்று எழுதி அனுப்பினார்கள். நான் லண்டனை மொத்தமே நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

மாத்திரை அட்டையில்கூட எந்த மாதம் வரை சாப்பிடலாம் என்று அச்சடித்திருக்கிறது. என் குரலில் தேதி இல்லை. எந்தக் காய்ச்சலுக்குச் சொல்கிறேன் என்றும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு உலகத்தில் ஒரே காய்ச்சல்தான் இருந்தது மாதிரி இருந்தது.

போன வருட ஐப்பசி மழையில் அந்தப் பதிவு என்னிடமே திரும்பி வந்தது. பள்ளித் தோழிகளின் வாட்ஸப் குழுவில், ஒரு ரோஜாப்பூப் படத்துக்குக் கீழே, பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறியோடு கிடந்தது. ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று செய்தியில் பார்த்திருந்தேன். மழைக்காலக் காய்ச்சல் எது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாலு வருடம் அதனோடு மல்லுக்கட்டியவள். இருந்தும் என் குரலைக் கேட்டதும், இத்தனை வருடம் கழித்தும் நம்மை நினைக்கிறார்களே என்றுதான் தோன்றியது. சிரித்துக்கொண்டே ஒரு கும்பிடு பொம்மை போட்டேன். அதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது.

மூன்றாம் நாள், இங்கே காலை பத்து மணி இருக்கும், இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் சேவியரின் அழைப்பு வந்தது. அவன் மனைவி ஜெசிந்தா ஊரிலேயே பள்ளிக்கூட டீச்சர். அவளுக்குத்தான் காய்ச்சல்.

"நாலு நாளா அடிச்சுச்சுக்கா. ஒன்னையக் கூப்பிடலாம்னுதான் பாத்தேன். அப்புறம் ஒன் மெசேஜப் போட்டுக் கேட்டோம், தைரியமாயிருச்சு. இன்னைக்குக் காலையில விட்டுருச்சு பாரு, நீ சொன்ன மாதிரியே."

"இப்ப என்ன பண்றா?"

"படுத்தே கெடக்கா. கை காலெல்லாம் ஜில்லுனு இருக்கு, சுத்தமா எறங்கிருச்சு. வயிறு மட்டும் வலிக்குதுங்குறா. ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. வெறும் வயித்துல மாத்திரை போட்டதுல வந்துருக்கும்."

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

"அத யாருக்கா பாத்தா?"

டெங்குவைப் பற்றித் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காய்ச்சல் அடிக்கும் நாட்களைவிட அது விடும் நாள் ஆபத்தானது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், கை கால் சில்லிடும், வயிறு வலிக்கும், ஆள் சோர்ந்து தூங்குவார். பார்க்கிறவர்களுக்குக் குணமாகித் தூங்குவது போலவே இருக்கும். என் தம்பி நல்ல செய்தி சொல்லக் கூப்பிட்டிருந்தான்.

"சேவியர், அவள உடனே திருச்சிக்குக் கூட்டிட்டுப் போ. பெரிய ஆஸ்பத்திரியாப் போ" என்றேன். அந்தக் குரலில்தான் சொன்னேன், வேறு குரல் எனக்கு வரவில்லை. "சரிக்கா, மழை கொஞ்சம் விடட்டும். சாயந்தரமாப் போறோம்" என்றான். அவன்மேல் தப்பில்லை. அப்படி ஒரு குரலில் சொல்லப்படும் விஷயத்தில் என்ன அவசரம் இருக்க முடியும்?

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கத்தினேன். "டேய், இப்ப கெளம்பலேன்னா பொழுது சாயறதுக்குள்ள ஒம் பொண்டாட்டி செத்துருவாடா! சட்டையக்கூட மாத்தாத. வண்டியப் புடி. ஓடு!" அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு ஓடுகிற சத்தம். இந்தப் பக்கம் கதவு திறந்து வரவேற்பில் இருக்கும் கேரன் எட்டிப் பார்த்தாள். நான் நோயாளியோடு சண்டை போடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். "ஃபேமிலி" என்றேன். ஆர்கியூமெண்ட்டா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய் ஒரு டீ போட்டு வந்து மேசையில் வைத்தாள்.

ஜெசிந்தாவைக் கொண்டுபோனபோது நாடி கைக்கு அகப்படவில்லையாம். ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். அங்கிருந்த டாக்டர் சேவியரை எல்லோர் முன்னிலும் வைத்து, டீச்சர் வீட்டுக்காரன் நீயே இப்படின்னா என்று கிழித்தாராம். அவன் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டான். எனக்கு அந்த முகம் தெரியாத டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஜனவரியில் ஊருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தபோது சகாயமேரி என்கிற பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்துத் தெரு. அதே மழையில், ஜெசிந்தா விழுவதற்கு ஒரு வாரம் முன்பு, அவள் கணவர் இறந்திருந்தார். சரக்கு வண்டி ஓட்டியவர்.

"ஒங்க மெசேஜ ரெண்டு பேரும் ஒக்காந்து கேட்டோம் டாக்டரம்மா. காய்ச்சல் விட்டதும் கண்டம் தாண்டியாச்சுடின்னு சிரிச்சாரு. தூக்கத்துலயே போயிட்டாரு. கடைசி வரைக்கும் மனுசன் பயப்படவே இல்லைங்க. ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்தபடி நின்றேன், அவளும் அதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டாள். இது கோழைத்தனம் என்று எனக்குத் தெரியும்.

அன்று மதியமே சேவியர் வீட்டில் உட்கார்ந்து புதிதாக ஒன்று பதிவு செய்தேன். பழைய மெசேஜை அழித்துவிடுங்கள், அது வேறு நோய்க்குச் சொன்னது என்று பழைய டாக்டரம்மாவாகக் கத்தினேன். சேவியர் முழுக்கக் கேட்டுவிட்டு, "திட்டுற மாதிரி இருக்கேக்கா. இத யாரு பார்வேர்டு பண்ணுவா?" என்றான். அவன் சொன்னதுதான் நடந்தது. எங்கள் குடும்பக் குழுவைத் தாண்டி அது போகவில்லை. கேட்க நன்றாக இருப்பதைத்தான் மனிதர்கள் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கொள்ளைநோய்க் காலத்தில் பதற்றம் கெடுதல்தான், அதை நான் மறுக்கவில்லை. வதந்தி கேட்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, இரவில் தூங்குகிறவர்களுக்கு உடம்பும் ஒத்துழைக்கிறது. ஆனால் அமைதியாக இருப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு. அமைதியாக இருக்கிறவர் காய்ச்சல் விட்ட பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கிறதா, கை சில்லிடுகிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று சரியில்லை என்றாலும் மழை விடுவதற்குக் காத்திருக்க மாட்டார். கடல் கடந்து இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு நீங்கள் அனுப்பும் தைரியத்தில், எந்த நோய்க்கு, எந்தத் தேதியில் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் டாக்டரை முதலில் பாருங்கள் என்றும் சொல்லுங்கள்.

இந்த வருடமும் அங்கே மழை பிடித்துவிட்டது. போன ஞாயிறு ஜெசிந்தா வீடியோவில் வந்தாள். காய்ச்சலில் கொட்டிய முடி காதோரம் குட்டையாக முளைத்திருப்பதைக் காட்டிச் சிரித்தாள். என் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் கடல், பக்கத்து வீட்டில் யாரோ சத்தத்தை அடக்கி இருமிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவளுக்குப் பின்னாலிருந்து, சுவருக்கு அப்பால், ஒரு பெண் குரல் கேட்டது. தணிந்து, மெதுவாக, வாக்கிய முடிவில் இறங்கி, பயப்படாதீங்க என்றது. இந்த ஊரில் செய்த குரல் அது. அந்த ஊரில் குடியேறிவிட்டது. ஆவூரில் பிறந்த கத்தல் இங்கே என் தொண்டையில் வந்து நின்றது.

"யாரு வீட்டுல ஓடுது ஜெசிந்தா?"

"பின்னாடி வீட்டுல போலருக்கு அண்ணி."

"யாருக்குக் காய்ச்சல்? எத்தனை நாளா? எந்திரிச்சு ஓடிப் போய்க் கேளு!"

அவள் போனை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினாள். திரையில் வெறும் சுவர். அவள் திரும்பி வருவதற்குள், சுவருக்கு அப்பால் என் குரல் நாலாம் நாள் அஞ்சாம் நாள் என்ற இடத்துக்கு வந்துவிட்டது.