சுதுவின் வலது கண்

காலையில் கண் திறக்காது. ராத்திரி முழுக்க ஊறிய பீளை இமை மயிர்களைப் பசைபோல ஒட்டி வைத்திருக்க, வேலைக்குப் புறப்படும் அவசரத்திலும் அம்மா வெந்நீரில் நனைத்த துணியை என் கண்மேல் வைத்து மெல்ல ஒற்றி எடுப்பாள்; எவ்வளவு சவர்க்காரம் போட்டும் அவள் விரல்களை விட்டுப் போகாத இறப்பர் பாலின் புளிப்பு வாடை அந்த இளஞ்சூட்டோடு சேர்ந்து மூக்கில் ஏறும். ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுவதும் ‘கண்ணு நோவு’ பரவியிருந்த மழைக்காலம் அது. பள்ளிக்கூடத்தில் சிவந்த கண்ணோடு வந்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பகலெல்லாம் ‘காம்பரா’ என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஒற்றை அறைக்குள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எங்கள் நாய் சுதுவோடு படுத்துக் கிடந்தேன்.

சுது என்றால் சிங்களத்தில் வெள்ளை. தோட்டத்துக்குக் கீழே கடை வைத்திருந்த சிங்களக் குடும்பம் குட்டியாக இருந்தபோது எங்களுக்குக் கொடுத்தது. பெயரும் அங்கிருந்தே வந்தது. சின்ன உடம்பு, ஒல்லிக் கால்கள். ஆனால் அம்மாவுக்கு அது வெறும் வளர்ப்பு நாய் இல்லை. பால் வெட்டப் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்னமே மரங்களுக்குப் போய்விட வேண்டும். மரங்கள் நெருங்கி நிற்கும் அந்த மலைச்சரிவில் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தனியாக நடப்பது லேசான காரியமில்லை. பாம்பு இருக்கும், பன்றி இருக்கும். அந்த வருடங்களில் மனிதர்களுக்கும் பயப்பட வேண்டியிருந்தது. சுது எப்போதும் அம்மாவுக்கு நாலடி முன்னால் ஓடும். அது நின்றால் அம்மாவும் நிற்பாள்.

என் கண் தெளியத் தொடங்கிய நேரத்தில்தான் சுதுவின் வலது கண்ணிலிருந்து நீர் வடிய ஆரம்பித்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் நீர் மஞ்சளாகத் திரண்டது, இமை வீங்கி மூடிக்கொண்டது. முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துத் தேய்த்துச் சுற்றியிருந்த மயிரெல்லாம் ஈரமாய் அப்பிப்போனது. வெளிச்சத்தைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. சோற்றை மோந்துவிட்டு விட்டுவிட்டது. என் நோய்தான் அதற்கும் ஒட்டிக்கொண்டதென்று நினைத்து நான் அழுதேன். அம்மா எனக்குச் செய்த மாதிரியே வெந்நீர்த் துணியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கையை நீட்டியபோது, வந்த நாள் முதலாக எங்களைப் பார்த்து உறுமாத சுது பல்லைக் காட்டி உறுமியது.

அந்த உறுமல் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டுவிட்டது. அங்கே இருந்த செல்வி சித்தி கைக்குழந்தைக்காரி. சில வாரங்களுக்கு முன்னால்தான் கீழ்ப் பிரிவில் வெறி பிடித்த நாயொன்று கன்றுக்குட்டியைக் கடித்து, கன்று செத்துப்போயிருந்தது. சந்தேகமாக இருக்கும் நாயெதுவானாலும் சுட்டுவிடச் சொல்லி தோட்டத்தை நிர்வகிக்கும் ‘தொரை’ காவல்காரருக்கு உத்தரவு போட்டிருந்தார். சித்தி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. வெளிச்சத்துக்குப் பயப்படுது, திங்க மாட்டேங்குது, கிட்டப் போனா கடிக்க வருது. எனக்குப் பச்சப்புள்ள இருக்கு. காவக்காரர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லத்தான் வேணும்.”

சித்தி கெட்டவள் இல்லை. என் கண்ணு நோவுக்குத் தன் தாய்ப்பாலைச் சங்கில் பீய்ச்சிக் கொடுத்தவளே அவள்தான். அப்பாவும் அவள் பக்கம்தான் பேசினார். அவர் இறப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ‘ஸ்டோரில்’ வேலை பார்த்தார். சண்டை சச்சரவு ஆகாத மனிதர். “ஒரு நாய்க்காக லயத்தோட பகைச்சுக்க முடியுமா? நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுனா நம்ம மொகத்த எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?” என்றார்.

அம்மா ஒரு சிரட்டையில் தண்ணீர் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சுது தயங்கித் தயங்கி வந்து நக்கிக் குடித்தது. “பாருங்க,” என்றாள் அம்மா. சித்தி பார்த்தாள், ஆனால் முகம் மாறவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போனாள். அங்கிருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர்; அவர் பேச்சு எங்களுக்கு எப்போதும் கொஞ்சம் புதிதாகவே ஒலிக்கும். எனக்குப் போட்ட கண் மருந்தில் கொஞ்சம் நாய்க்கும் தரமுடியுமா என்று அம்மா கேட்டாள். அவர் முதலில் சிரித்தார்; பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“தண்ணி குடிக்குது எண்டதுக்காக விசர் இல்லை எண்டு சொல்லேலாது. ஆனால் ஒரு கண்ணிலை மட்டும்தானே பீளை? கண்ணுக்குள்ள ஏதும் கிடந்தாலும் இப்பிடித்தான் செய்யும். நான் மனுசருக்கு மருந்து குடுக்கிற ஆள். கேகாலையிலை மிருக வைத்தியர் இருக்கிறார், கொண்டுபோய்க் காட்டுங்கோ. அதுவரைக்கும் கண்டதையும் கண்ணுக்குள்ள விடாதேங்கோ, அதைக் கையாலையும் தொடாதேங்கோ.”

திரும்பி வந்ததும் அம்மா சித்தியின் வாசலில் நின்று, நாளை ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். அப்பா வீட்டுக்குள் முணுமுணுத்தார்: ஒரு நாள் ‘பேர்’ போகும், கூலி கிடைக்காது, பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டான், வழியில் ‘செக்கிங்’ வேறு. அம்மா சாக்கைத் தேடிக்கொண்டே சொன்னாள்: “அது எனக்கு முன்னால நடக்குறதாலதான் நான் அந்த மலையில நடக்குறேன். உங்களுக்கு அது தெரியாது.”  காலையில் அப்பாதான் கைகளில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு சுதுவைப் பிடித்து, வாயில் துணிப்பட்டை கட்டி, உரச் சாக்குக்குள் இறக்கிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஏறி, சாக்கைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டோம். வாயைத் திறக்கக்கூடாதென்று அம்மா எனக்குக் கண்ணாலேயே சொன்னாள். நல்ல கூட்டம், ஒருவரும் கவனிக்கவில்லை. கேகாலைக்குக் கொஞ்சம் இப்பால் ஒரு வளைவில் சோதனைச் சாவடி இருந்தது. குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். எல்லோரும் பைகளோடு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்து போய் மறுபடி ஏறவேண்டும். அம்மா அட்டையை நீட்டினாள். துப்பாக்கி மாட்டியிருந்த இளம் சிப்பாய் பெயரை வாசித்தான், தமிழ்ப் பெயர். பிறகு அவன் பார்வை சாக்குக்குப் போனது. அந்த நேரம் பார்த்துச் சாக்கு அசைந்தது.

அவன் சட்டென்று பின்னால் நகர்ந்தான். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்களும் நகர்ந்தார்கள். ரோட்டின் நடுவில் அம்மாவும் நானும் சாக்கும் மட்டும் நின்றோம். அவன் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மல்லே மொகத?” என்று கத்தினான். பையில் என்ன என்று கேட்கிறான். அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. கடைக்காரர்களோடு சிரித்துச் சிரித்துப் பேசுவாள். அன்றைக்கு அவளுக்கு வார்த்தை வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“பல்லெக்!” என்று நான்தான் கத்தினேன். நாய். “கண்ணு நோவு” என்பதற்குச் சிங்களச் சொல் மறந்துபோய், என் கண்ணையே விரலால் தொட்டுக் காட்டினேன். என் கண்ணும் இன்னும் சிவந்துதான் இருந்தது.

அவன் சாக்கைத் திறக்கச் சொன்னான். அம்மா மெதுவாகக் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். வாயில் துணி கட்டிய, ஒரு கண் மூடிய, வெள்ளைத் தலை ஒன்று வெளியே வந்து அவனைப் பார்த்தது.  நான் அம்மாவின் சேலையைப் பிடித்திருந்தேன்.  பிறகு அவன் துப்பாக்கியைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, அதன் பெயரென்ன என்று கேட்டான்.

“சுது,” என்றாள் அம்மா.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூரத்தில் நின்றபடியே “சுது, சுது” என்று கூப்பிட்டான். சாக்குக்குள் வால் அடிக்கும் சத்தம் கேட்டது. நாயென்று தெரிந்த பிறகு எங்களை ஏற்றமாட்டேன் என்று நடத்துனர் அடம்பிடிக்க, சிப்பாய் அவரிடம் ஏதோ அதட்டலாகச் சொன்னான். நாங்கள் ஏறினோம். மீதி வழி முழுவதும் சுது தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தது. அம்மா மட்டும் இருக்கையில் சாய்ந்து உட்காரவே இல்லை.

மிருக வைத்தியர் அதிகம் பேசாத சிங்களவர். யாரையாவது கடித்ததா, தடுப்பூசி போட்டதா என்று முதலில் கேட்டார். உதவியாளர் சுதுவை மேசையில் அமுக்கிப் பிடிக்க, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கொஞ்சம் பொறுத்து இமையை விரித்தார். கண்ணின் மூலையில், உள்ளே இருக்கும் இன்னொரு மெல்லிய இமையைச் சிறு இடுக்கியால் தூக்கி எதையோ பற்றி இழுத்தார். வந்தது ஒரு புல் விதை. நடக்கும்போது பாவாடையில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த ஊசிப்புல்லின் கூரிய விதை. அது கண்மணியை உரசி உரசிப் புண்ணாக்கியிருந்தது. அதனால்தான் சீழ், அதனால்தான் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் அந்த உறுமலும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார். என்னிடமிருந்து ஒட்டியதா என்று நான் கேட்டபோது, அந்தக் கண் நோய் மனிதர்களோடு நின்றுவிடும் என்று சொல்லி, சுதுவுக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, களிம்புக் குழாய் ஒன்றைக் கொடுத்தார். கண்ணைத் தேய்க்க விடக்கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அம்மா அந்த விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து செல்வி சித்தியிடம் காட்டினாள். சித்தி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடனே நம்பினாள் என்று சொல்லமுடியாது; சில நாட்கள் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். ஆனால் சுது காலைத் தூக்கிக் கண்ணைத் தேய்க்கப் பார்ப்பதையும் நான் ஓடி ஓடித் தடுப்பதையும் கண்டுவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டும் விரிசல் விட்ட வாளியை எடுத்துவந்து வாசலில் வைத்தாள். “அடியை வெட்டிக் கழுத்துல மாட்டுங்க அக்கா. எவ்வளவு நேரந்தான் இந்தப் புள்ள காவல் இருக்கும்?” என்றாள். அப்பா அதைச் சீவித் துணி சுற்றிக் கொடுத்தார். நீல வாளிக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு சுது சுவரெல்லாம் இடித்து நடப்பதைப் பார்த்து லயமே சிரித்தது.

கண் பிழைத்தது. கண்மணியில் மட்டும் பாலாடைபோல ஒரு வெள்ளைப் புள்ளி தங்கிவிட்டது. அதன் பிறகும் பல வருடங்கள் சுது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் ஓடியது. நான் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகுதான் அது செத்தது. அப்பா ஒரு இறப்பர் மரத்தடியில் புதைத்ததாக அம்மா தொலைபேசியில் சொன்னாள்.

இப்போது அந்த மரங்கள் இல்லை. பால் வற்றியதென்று பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைத்திருக்கிறார்கள். எங்கள் லயத்தில் பாதி இடிந்து கிடக்கிறது. செல்வி சித்தியின் குடும்பம் எப்போதோ போய்விட்டது. அந்த வளைவில் சாவடியும் இல்லை. மண் மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை ஒன்று, பலகையில் வண்ண விளக்குகளோடு நிற்கிறது. போய்விட்டவற்றில் நான் துக்கப்படாதது அது ஒன்றுக்குத்தான்.

போன மாதம் மகனோடு அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். வளைவு வந்ததும் என் கை தானாகவே கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. ஜன்னலோரம் இருந்தவன் திரும்பிப் பார்த்து, “என்னம்மா, எறங்கப் போறோமா?” என்று கேட்டான்.

“இல்லப்பா,” என்றேன். பஸ் வேகத்தைக் குறைக்காமலேயே வளைவைக் கடந்து போனது.