இருபத்திரண்டு விநாடியில் ஒரு நிமிடம்

என் அலுவலக மேசையில் ஒரு மணி இருக்கிறது. ஓட்டல் வரவேற்பு மேசைகளில் தலையில் தட்டினால் 'டிங்' என்று கேட்குமே, அந்த வகை. ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருக்கும். பார்க்க வருகிறவர்கள், ஆளைக் கூப்பிட வைத்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். இருப்பது ஒரே அறை, நானும் என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும்தான், மணி எதற்கு? புதன்கிழமை விடிந்ததும் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சிகந்திராபாத் பக்கத்திலிருக்கும் ஹப்சிகுடாவுக்குக் கிளம்பிவிடுவேன். எனக்கு முன்னால் அந்த மணியை வைத்திருந்தவர் ஏழு வாரம் என்னை ஏமாற்றியவர். அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் என்னை!

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். தராசு சரியான எடை காட்டுகிறதா, வெப்பமானி சரியான சூடு காட்டுகிறதா, டைமர் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் எழுதும் வேலை. அதை விட்டுவிட்டு, ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு முன்னறையில் அதே வேலையைச் சொந்தமாகத் தொடங்கினேன். ஒரு வருடம் பார்ப்பது, வேலை வராவிட்டால் எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடுவது என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். ஐந்து மாதம் ஓடிவிட்டது. தொலைபேசி மணி அடித்தால் பெரும்பாலும் தவறான எண்ணாக இருக்கும். என் கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

அப்போதுதான் அந்த மணியை வைத்திருந்தவர் எங்கள் வீட்டுக்குக் கரையானுக்கு மருந்து அடிக்க வந்தார். என் வயதுதான் இருக்கும். சிகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். தாத்தா ரயில்வே பட்டறையில் இருந்தவர். இவருடைய தமிழில் தெலுங்கும் தக்கனி உருதுவும் சரிபாதி. அலமாரியை நகர்த்தியபோது, வெல்வெட் பெட்டியில் வரிசையாக இருந்த என் எடைக்கற்களைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், நகைக்கடை வச்சிருக்கீங்களா?" என்றார். விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அட, எங்க குரூப்ல தராசு நாற்காலி காலியாத்தான் இருக்கு. வர்ற புதன்கிழமை வந்துடுங்க" என்றார்.

குரூப் என்பது சிறு தொழில் செய்கிற முப்பது பேர். ஹப்சிகுடாவில் ஒரு டிபன் ஓட்டலின் மாடியில், புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடுவார்கள். ஒருவருக்கொருவர் வேலை பிடித்துக் கொடுப்பார்கள். ஒரு தொழிலுக்கு ஒரே ஒருவர்தான் என்பது சட்டம். அதனால் அங்கே யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. வரி சார், கேக் மேடம், கண்ணாடி அண்ணா என்று தொழிலே பெயராகிவிடும். அவர் பூச்சி சார். நான் போன அன்றைக்கே தராசு மேடம் ஆகிவிட்டேன். என் கைபேசியில் இன்றைக்கும் அவர் பூச்சி சார்தான்.

ஒவ்வொருவரும் எழுந்து தன் தொழிலைப் பற்றித் தெலுங்கில் ஒரு நிமிடம் பேச வேண்டும். நிமிடம் முடிந்ததும் பூச்சி சார் மணியைத் தட்டுவார். தட்டினால் பாதி வார்த்தையில் இருந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும். முன்னாலேயே பேசி முடித்துவிட்டாலும் மணி அடிக்கும்வரை நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். அது உங்கள் நிமிடம், வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஒருவருக்குக்கூட நம் மேல் நம்பிக்கை வராவிட்டால், அந்த நாற்காலி அடுத்து காத்திருப்பவருக்குப் போய்விடும். என் நாற்காலிக்கு ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொந்த வேனும் நான்கு ஆட்களும் இருப்பதாகக் கேள்வி.

முதல் புதன்கிழமை எழுந்து நின்றேன். பெயரையும் தொழிலையும் சொன்னேன். அவ்வளவுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முப்பது பேர் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். ஐயோ, இன்னும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நினைக்கும்போதே 'டிங்' என்றது. அப்பாடா! ஒரு நிமிடம் என்பது இவ்வளவு சின்னதா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான் திணறத் தொடங்கும்போது சரியாக நிமிடம் முடிந்துவிடும். ஏழு வாரத்தில் எனக்கு ஒரு வேலையும் வரவில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

எட்டாவது வாரம், பேச்சு வராவிட்டால் பொருளையாவது காட்டலாம் என்று ஒரு டைமரைக் கொண்டுபோனேன். முந்தின நாள்தான் நானே சரிபார்த்தது. மேசைமேல் வைத்து, பூச்சி சார் தலையசைத்ததும் ஓடவிட்டேன். பெயர், தொழில், பிறகு வழக்கமான திணறல். 'டிங்'. டைமரை நிறுத்திப் பார்த்தேன். இருபத்திரண்டு என்று காட்டியது. தவறான அளவைப் பார்த்தால் சொல்லாமல் விட எனக்குத் தெரியாது, அது பிறவிக் குணமாகவே ஆகிவிட்டது. "பூச்சி சார், உங்க நிமிஷம் தப்பு! இருபத்திரண்டு செகண்ட்தான் ஆயிருக்கு!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். டைமரைத் தூக்கி எல்லாருக்கும் காட்டவும் செய்தேன்.

கேக் மேடம் தலையைக் குனிந்துகொண்டார். வரி சார் மின்விசிறியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான், அதுவும் டைமர் சரிபார்க்கிறவள். காது வரைக்கும் சூடேறிவிட்டது. பூச்சி சார் மட்டும் அசரவில்லை. "ஹவ் மேடம், ஆமா, தப்புதான். இன்னும் முப்பத்தெட்டு செகண்ட் பாக்கி இருக்கு, பேசுங்க" என்றார்.

டைமரை விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டேன். கோபத்தில் எனக்குத் தெலுங்கு நன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "பதினாறு வருடமாக இதே வேலை பார்க்கிறேன். எனக்கே ஏழு வாரம் இது தெரியவில்லை. ஏன் தெரியுமா? இந்தத் தப்பு எனக்கு வசதியாக இருந்தது. உங்கள் பட்டறைத் தராசும் அப்படித்தான். வசதியாக இருக்கிறவரை அதை யாரும் கேள்வி கேட்க மாட்டீர்கள். கேட்பதற்குத்தான் நான் இருக்கிறேன்." இந்த முறை 'டிங்' சரியாக அறுபதில் விழுந்தது. கைதட்டல் அடங்கியதும், ஜீடிமெட்லாவில் மாத்திரை டப்பா செய்கிற ஒருவர் என் தட்டருகே வந்து, நாளைக்கே அவர்கள் பட்டறைக்கு வர முடியுமா என்று கேட்டார். அதுதான் என் முதல் வேலை.

இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கை கழுவுமிடத்தில் பூச்சி சாரைப் பிடித்துக்கொண்டேன். "என்னப் பாத்தா அவ்ளோ பாவமா இருந்துச்சா சார்?"

"நக்கோ மேடம், அப்படியெல்லாம் இல்ல" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்து திக்கும். நாலு பேர் முன்னாடி நின்னாத்தான் வரும். இங்க மொத நாள் எழுந்து நின்னேன், என் பேரோட முதல் எழுத்துலயே மாட்டிக்கிட்டேன். பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. அன்னிக்கே இந்த மணிய நாந்தான் வச்சுப்பேன்னு கேட்டு வாங்கிட்டேன். எனக்கு அந்த நிமிஷம் பத்தல, உங்களுக்கு ஜாஸ்தியா இருந்துச்சு. நிமிஷம் எல்லாருக்கும் ஒண்ணா மேடம்?"

"ஒண்ணுதான் சார். அறுபது செகண்ட்" என்றேன் வெடுக்கென்று. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த கண்ணாடி அண்ணா திரும்பிப் பார்த்தார். "கைக்கு மேடம், எதுக்கு இவ்ளோ கோவம்? அதான் உங்களத் தராசுங்கறாங்க" என்றார் பூச்சி சார்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். தன் முறை வந்தால் அவர் பெயரைச் சொல்வதே இல்லை. "நான் பூச்சி சார்" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பிப்பார், எல்லாரும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் மீதியை மளமளவென்று சொல்லி முடித்துவிடுவார். மருந்து அடிக்கப் போகிற இடத்திலெல்லாம் தராசு இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்வார். நான் போகிற ஆய்வுக்கூடத்தில் கரப்பான்பூச்சி ஓடினால் வெளியே வந்ததும் அவரைத்தான் கூப்பிடுவேன். கரப்பானைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டு குடும்பமும் பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டன. நான் வைத்த ஒரு வருடக் கெடு தாண்டிப்போய் இரண்டு மாதம் கழித்து, கணவர் சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்தது.

மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான்கு வருடம் முன்னால் பூச்சி சார் கரீம்நகருக்குக் குடிபோனார். போகிற வாரம் மணியை ஒரு காகிதக் கைக்குட்டையில் சுற்றி என் கையில் கொடுத்தார். "உங்க கிட்ட இருந்தா யாரும் சண்டை போட மாட்டாங்க" என்றார். யாரும் போடவில்லை. மாதம் ஒருமுறை டைமரைச் சரிபார்க்கிறேன். அறுபது என்றால் அறுபது. வரி சாரைப் பாதி வாக்கியத்தில் எத்தனை முறை உட்காரவைத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. என்னைக் கறார் பேர்வழி என்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை கரீம்நகரிலிருந்து அவர் விருந்தாளியாக வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. நாற்காலிகளில் பாதிக்குமேல் புது முகங்கள். பூச்சி சார் நாற்காலியில் இப்போது வேறொரு இளைஞர் உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பெயரும் இப்போது அவருடையது. விருந்தாளிக்கும் ஒரு நிமிடம் உண்டு. எழுந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டார்.

டைமர் ஓடியது. முப்பது. நாற்பத்தைந்து. அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அறுபது. என் விரல் மணிக்கு மேலேயே இருந்தது. கேக் மேடம் என்னைப் பார்த்தார், வரி சாரும் பார்த்தார். டைமரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் தெரிந்தே நான் விட்டுவிட்ட தவறான அளவு அது ஒன்றுதான்.

பெயர் வந்தது. முழுப்பெயர், இனிஷியலோடு. அந்த அறையில் அதை நான் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டைம் ஆயிடுச்சா மேடம்?"

"இன்னும் நிறைய இருக்கு சார்," என்றேன். "பேசுங்க."