காயை மெதுவாக வையுங்கள்

சான் பெட்ரோவில் கை உடைந்து அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் கடைசியில் ஒனேலியாவிடம்தான் வந்தாக வேண்டும். டாக்டர் தகடும் திருகும் வைத்து அனுப்பிவிடுவார். விறைத்த விரல்களை மடக்க வைப்பது இந்த நர்சின் பாடு. விரல் மடங்கியதும் ஆள் போய்விடும். பிறகு கடைத்தெருவில் பார்த்தால் அதே கையை ஆட்டிவிட்டு நடப்பார்கள், அவ்வளவுதான். வேலை ஒழுங்காக நடந்தால் தனியாக நிற்க வேண்டும், என்ன பிழைப்போ! நியூயார்க்கில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், அதுவும் கால் மணி நேரம்.

கரும்பு லாரி ஓட்டி ஓய்ந்த எலிஹியோ மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டு வந்தார். விரல் பயிற்சிக்கு, புள்ளி போட்ட டோமினோ ஆட்டக் காய்களைக் கொடுத்தாள். அந்த ஊரில் டோமினோ காயை யாரும் வைப்பதில்லை. மேசை அதிர அடிப்பார்கள். அவரும் கையை ஓங்கினார்.

“அண்ணே! தகடு ஆடிப்போயிடும். நான் சொல்ற வரைக்கும் மெதுவா வைங்க.”

“கோழி முட்டையிடுற மாதிரியா?”

“ஆமா, அப்படியே!”

அப்படியே வைத்தார். அவர் வழக்கமாக ஆடும் மூலைக்கடை மேசையில் சிரியாய்ச் சிரித்தார்கள். இருபது வருட ஆட்டக் கூட்டாளி அதால்பெர்தோவே, “கை சரியாகட்டும், அப்புறம் வா” என்று அனுப்பிவிட்டான். போக்கிடம் இல்லாமல், அன்றன்றைய பயிற்சி முடிந்த பிறகும் அவளோடு ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்குக் காபி போடுவது அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது!

எட்டாவது வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது தெரிந்தது. “இன்னும் ரெண்டு வாரம் மெதுவாவே வைங்க” என்றாள். அது முடிந்ததும் மறுபடி அதையே சொன்னாள். சொன்ன கையோடு காபி போடப் போனாள்.

பதின்மூன்றாவது வாரம் எலிஹியோ முகம் தொங்க வந்தார்.

“திருவிழா டோமினோ போட்டிக்கு இன்னைக்குச் சாயங்காலம் பேர் குடுக்கணும், சிஸ்டர். அதால்பெர்தோ வேற ஆளைச் சேர்த்துக்கப் போறானாம். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா?”

ஒனேலியா ஒரு காயை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“ஓங்கி அடிங்க, அண்ணே.”

“தகடு?”

“ஒண்ணும் ஆகாது. அஞ்சு வாரத்துக்கு முன்னாடியே கூடிருச்சு. நான்தான் சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா நீங்க வரமாட்டீங்கல்ல.”

அடித்தார். கோப்பைகள் துள்ளின. வலிக்கவில்லை. விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார்.

“என்னை யாருமே சேர்த்துக்கலன்னு உங்ககிட்டதானே வந்து புலம்பினேன்” என்றார்.

தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து வலது கையை நீட்டினார். ஊரார் கைப்பிடியை எல்லாம் அளந்தவள் அவள். இந்தப் பிடியில் அவள் விரல்கள் நொறுங்குவது போல வலித்தன. அது கோபமா நன்றியா என்று தெரியவில்லை. விடச் சொல்லத்தான் மனசு வரவில்லை.